பஞ்சி

மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பகல்நேர நிலையத்துக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கப் போனபோது எனக்கு 27 வயது. வந்தவர்களில் ஐந்து பேருக்கு டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவி மரபணு நிலை. அவர்களில் மூத்தவருக்கு 36. ஊரே அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடும். என்னைவிட ஒன்பது வயது கூடியவர், அதனால் நான் 'அண்ணா' என்றேன். அன்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம்.

"அவனுக்குச் சரியான பஞ்சி மிஸ். நல்லா வேலை வாங்குங்க" என்று அவருடைய அம்மா சொல்லிவிட்டுப் போனார். பஞ்சி என்றால் சோம்பல். நானும் நம்பிவிட்டேன்.

காலையில் வெயில் ஏறமுதல் பழைய கல்லடிப் பாலத்தில் நடப்போம். 2013இல் புதுப்பாலம் திறந்த பிறகு பெரிய வாகனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. நடக்க வசதி, வாவிக் காற்றும் வரும். நான் கையில் கொப்பியோடு நாடித்துடிப்பு எண்ணுவேன். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத்துடிப்பு என்று படித்திருந்தேன். அண்ணாவுக்கு 184 வருகிறது. அவருடைய துடிப்போ 115ஐத் தாண்டவே மாட்டேன் என்றது. 'முயற்சி போதாது' என்று எழுதிவிட்டு, "இன்னும் கொஞ்சம் விரசா அண்ணா" என்பேன். ஒருநாள் பாலத்தின் நடுவில் அப்படியே குந்திவிட்டார். சேர்ட் முழுக்க வியர்வை.

அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கொப்பியைக் காட்டியபோதுதான் விஷயம் விளங்கியது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் இதயம் உழைப்புக்கு ஏற்ப மற்றவர்களுடையதைப் போல வேகமெடுக்காது. உச்சத்துடிப்பே சராசரியாக 30 அளவுக்குக் குறைவு. அந்தக் கணக்கில் பார்த்தால் 115 என்பது அவருக்கு நல்ல கடும் உழைப்பு. போதாததற்குத் தசைகளின் இறுக்கம் குறைவு, மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்ந்தவை, பாதம் தட்டை. அவர் வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் என் அடியைவிடக் கூடிய செலவு. பஞ்சியாம்!

அதைவிடப் பெரிய பிழையும் செய்திருந்தேன். முதல் கிழமையே எல்லோரையும் கழுத்தைச் சுழற்ற வைத்தேன், பாயில் குட்டிக்கரணமும் போடவைத்தேன். இவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்ந்திருக்கும். பாரம் விழுந்தால் முள்ளந்தண்டு நரம்புக்கே ஆபத்து. நல்லகாலம், ஒன்றும் நடக்கவில்லை. இப்போது கழுத்துநோ, நடையில் மாற்றம், கையில் பலவீனம், சிறுநீர் அடக்க முடியாமை என்று எது தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்தி டொக்டரிடம் அனுப்புகிறேன். பிறவியிலேயே இதயக் குறை இருந்தவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர் என்பதால், இதயத்தைச் சோதிக்காமல் யாரையும் சேர்ப்பதுமில்லை.

இன்னொரு பெண், 29 வயது. நன்றாக நடந்துகொண்டிருந்தவர் இரண்டு மூன்று மாதத்தில் மந்தமாகிப் போனார். வீட்டில் அதே சொல், பஞ்சி. இந்தமுறை நான் தலையாட்டவில்லை. இரத்தம் சோதித்தால் தைரொயிட் குறைவு. இவர்களுக்கு அது அடிக்கடி வருவது. குளிசை தொடங்கிக் கொஞ்ச நாளில் மீண்டும் பாலத்துக்கு வந்துவிட்டார்.

மாரி தொடங்கினால் பாலம் சரிவராது. உள்ளே என் 'ஒன்று, இரண்டு' ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் அலுத்துவிடும். ஒரு கார்த்திகை மாதம் பக்கத்து ஊரில் கூத்து பழக்கும் அண்ணாவியார் ஒருவரைக் கூட்டிவந்து வசந்தன் கூத்து பழக்கினோம். குதிப்பையும் ஆழக் குனிவதையும் எடுத்துவிட்டார், கோலடியும் வட்டமும் மட்டும். மத்தளம் தொடங்கினால் இருபது நிமிடம் ஒருவரும் உட்காரமாட்டார்கள். அண்ணா நடுவில் நிற்பது களைத்து அல்ல, பக்கத்தில் நிற்பவர் கோலைப் பிழையாகப் பிடித்தால் திருத்துவதற்கு.

நாடி எண்ணுவதை விட்டுவிட்டேன். அவர் பிற்பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்வரை ஆடலாம், மூச்சு வாங்கிப் பாட்டு நின்றால் கதிரை போடுவேன்.

சீனி விஷயத்தில் மட்டும் இன்னும் தோல்விதான். இவர்களுக்கு எடை சுலபமாக ஏறும் என்று அம்மாவிடம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். கூத்து முடிந்ததும் போத்தலில் பிளேன்டீ வரும். "பாவம் மிஸ், பிள்ளை களைச்சுப்போனான்" என்பார். நான் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். சீனிப்பாணி மாதிரி இனித்தது.