மதம் மாறாமல் கோயிலில் திருமணம்: நாங்கள் கடந்து வந்த வழி

கோயிலில்தான் கல்யாணம் என்று சொன்னதும் இரண்டு வீட்டிலும் கேட்ட முதல் கேள்வி ஒன்றே: "அப்போ பையன் ஞானஸ்நானம் வாங்கணுமா?" என் வீட்டில் ஆசையோடு கேட்டார்கள். அவர் வீட்டில் பயத்தோடு கேட்டார்கள். வேண்டாம் என்ற பதில் இரு தரப்புக்கும் உடனே நம்பும்படியாக இல்லை. நான் கத்தோலிக்கப் பெண், அவர் கிறிஸ்தவர் அல்ல. அவர் அப்படியே இருக்க, எங்கள் திருமணம் திருச்சபைச் சட்டப்படி பங்குக் கோயிலில், அதாவது எங்கள் பகுதிக்கான தேவாலயத்தில், நடந்தது. இதே நிலையில் இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி விவரம் கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை அந்தக் கோயிலின் பொறுப்புக் குருவான பங்குத்தந்தையைப் பார்ப்பது. மண்டபம் பிடிப்பது அதற்கு அப்புறம்தான். மாலைத் திருப்பலி (பூசை) முடிந்த நேரத்தில் பங்கு அலுவலகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறந்த கணவருக்காகப் பூசைக் கருத்து எழுத வந்த அம்மா, குழந்தையின் திருமுழுக்குக்கு (ஞானஸ்நானத்துக்கு) தேதி கேட்டு நிற்கும் தம்பதி, சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும் கோயில்பிள்ளை. இவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, "ஃபாதர், எங்களுக்குக் கல்யாணம், ஆனா இவர் கிறிஸ்டியன் இல்ல" என்று சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். ஃபாதர் அலட்டிக்கொள்ளவில்லை. "சரி, தேதியைக் கடைசியில பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு ஒரு படிவத்தை எடுத்தார்.

சட்டம் சொல்வது இதுதான். திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர் ஒருவர் திருமுழுக்குப் பெறாத ஒருவரை மணப்பது திருமணத் தடை. விதிவிலக்கு வாங்காமல் நடந்தால் அந்தத் திருமணம் செல்லாது. விதிவிலக்கு தருபவர் மறைமாவட்ட ஆயர் (பிஷப்), அல்லது அவர் சார்பில் நிர்வாகம் பார்க்கும் குருகுல முதல்வர். மணமகன் வேறொரு கிறிஸ்தவ சபையில் முறையாகத் திருமுழுக்குப் பெற்றவராக இருந்தால் கதை வேறு. அதற்கு அனுமதி இருந்தால் போதும், விதிவிலக்கு தேவையில்லை. பலரும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

என் பக்கம் முக்கியமான தாள் திருமுழுக்குச் சான்றிதழ். சின்ன வயதில் வாங்கியது வீட்டில் பத்திரமாக இருக்கிறதே என்றால் செல்லாது. பொதுவாக ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுச் சான்றிதழ் கேட்பார்கள். காரணம் அந்தப் பதிவேட்டின் ஓரத்தில் இருக்கிறது. ஒருவருடைய உறுதிப்பூசுதல் (திருமுழுக்குக்குப் பிறகு விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு), திருமணம், குருப்பட்டம், துறவற நித்திய வார்த்தைப்பாடு (வாழ்நாள் முழுவதற்குமான துறவற உறுதிமொழி) எல்லாம் அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டுக்கே வந்து சேர வேண்டும். அதனால் புதுச் சான்றிதழ்தான் 'இவருக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை' என்பதற்கு அத்தாட்சி. திருமணத்தை இப்படித் திருமுழுக்குப் பதிவேட்டில் குறிக்கச் சொன்னது 1907-இல் வந்த 'நே தேமெரே' என்ற ஆணை.

நான் பிறந்த பங்குக்கு நேரிலேயே போனேன். அலமாரியிலிருந்து எடுத்த பதிவேடு மேசையில் பாதி இடத்தைப் பிடித்தது. என் வரியில் அப்பா, அம்மா, ஞானப்பெற்றோர் பெயர்கள், குருவின் கையெழுத்து. ஓரத்தில் உறுதிப்பூசுதலின் தேதி. அதற்குக் கீழே வெறும் கோடு. எனக்கு நேர் மேலே இருந்த வரியின் ஓரத்தில் 'நித்திய வார்த்தைப்பாடு' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. என்னோடு அதே ஞாயிறு தண்ணீர் ஊற்றப்பட்ட ஏதோ ஒரு குழந்தை இப்போது அருட்சகோதரி! எழுதிக் கொடுத்தவர் அவசரத்தில் அம்மாவின் பெயரைத் தப்பாக எழுதினார் என்று நினைத்தேன். பார்த்தால் பதிவேட்டிலேயே ஓர் எழுத்து மாறித்தான் இருந்தது. அங்கே அடித்துத் திருத்த மாட்டார்கள். ஆதாரம் காட்டி, குறிப்பாகச் சேர்க்க வைக்க வேண்டும். எனக்கு அதிகம் நாள் பிடித்தது இதில்தான். உங்கள் தேதியை முடிவு செய்யும் முன்னால் இந்தச் சான்றிதழை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிடுங்கள்.

அவர் பக்கம் பதிவேடு ஏதும் கிடையாது. அதற்குப் பதிலாக, சிறு வயதிலிருந்தே அவரைத் தெரிந்த இருவர் வந்து, இவருக்கு ஏற்கெனவே திருமணம் ஆகவில்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்றார்கள். அவருடைய சித்தியும் குடும்ப நண்பர் ஒருவரும் வந்தார்கள். சித்தி தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். "தம்பிக்கு முன்னாடி எங்கேயாவது கல்யாணம் நடந்திருக்காம்மா?" என்று ஃபாதர் கேட்டதும் அத்தனை தயக்கமும் போய்விட்டது. "இந்த ஒரு கல்யாணத்துக்கே அவனச் சம்மதிக்க வைக்க நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும் சாமி, இதுல இன்னொண்ணா?" ஃபாதர் சிரித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினார்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தக் கேள்வி சாதாரணமானது அல்ல. கிறிஸ்தவர் அல்லாத இருவர் தங்கள் முறைப்படி செய்துகொண்ட திருமணத்தையும் திருச்சபை உண்மையான திருமணமாகவே மதிக்கிறது. எனவே அரசு நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கியிருக்கிறார் என்பதால் மட்டும் ஒருவர் கோயிலில் மணமுடிக்கலாம் என்று ஆகாது. அப்படி யாராவது இருந்தால், மறைமாவட்டத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருக்கும். காலமும் கூடும். முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம் திருமண விசாரணை. இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துத்தான் ஃபாதர் கேட்டார். நான் உள்ளே இருந்தபோது இவர் வெளியே பாடகர் குழுவின் ஒத்திகையைக் கேட்டுக்கொண்டிருந்தார். நற்செய்தி நூலின் மேல் கை வைத்து, உண்மை சொல்வேன் என்று உறுதி. யாராவது உன்னைக் கட்டாயப்படுத்துகிறார்களா? வீட்டுக்குப் பயந்து சம்மதிக்கிறாயா? 'சரிப்பட்டு வராவிட்டால் பிரிந்துவிடலாம்' என்று மனதில் ஏதாவது வைத்திருக்கிறாயா? குழந்தைகளே வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறீர்களா? நான் இதை வெறும் சடங்கு என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் கதவைச் சாத்தி, ஒருவர் நிதானமாகக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது வாயில் வார்த்தை சட்டென்று வருவதில்லை. கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து சொந்தபந்தம் எத்தனையோ கேட்டது. உனக்கு இதில் முழுச் சம்மதமா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டவர் அவர் ஒருவர்தான். கட்டாயத்தாலோ பயத்தாலோ கொடுத்த சம்மதம் திருமணத்தையே செல்லாததாக்கும் என்பதால்தான் இந்தத் தனி அறை.

அடுத்ததுதான் எங்களை உண்மையாகவே உலுக்கியது: வாக்குறுதி. என் விசுவாசத்தை விட்டு விலகமாட்டேன், பிறக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்க 'என்னால் இயன்ற அனைத்தையும் செய்வேன்' என்று நான் வாக்குக் கொடுக்க வேண்டும். நான் மட்டும். "நான் என்ன கையெழுத்துப் போடணும்?" என்று இவர் கேட்டார். "நீங்க வாக்கு எதுவும் கொடுக்க வேண்டாம் தம்பி. இவங்க என்ன வாக்குக் கொடுக்கிறாங்கன்னு உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கணும். அதான் சட்டம்" என்றார் ஃபாதர். முன்பெல்லாம் அப்படி இல்லை. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு கத்தோலிக்கர் அல்லாதவரிடமும் உறுதி கேட்டது. 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் கலப்புத் திருமணங்கள் பற்றி வெளியிட்ட ஆணைமடல் அதை மாற்றியது, 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும் அதையே தொடர்ந்தது.

இவர் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசவில்லை. பிறகு பல மாலைகள் இதே பேச்சுதான். 'இயன்ற அனைத்தையும்' என்றால் எதுவரை? நான் மறுத்தால் என்ன செய்வாய்? என் அப்பா அம்மா கும்பிடும் சாமியைப் பிள்ளை கும்பிடக் கூடாதா? எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரியவில்லை. திரும்பவும் ஃபாதரிடமே போனோம். அவர் சர்க்கரை பூசவில்லை. "வாக்கு வாக்குதான், சும்மா எழுதி வாங்குறதுக்கு இல்ல. ஆனா உங்க வீட்டுக்காரரோட மனசாட்சிய மிதிச்சிட்டு அத நிறைவேத்தச் சொல்லவும் இல்ல. பிள்ளை பிறந்தப்புறம் பேசிக்கலாம்னு இருக்காதீங்க. இப்பவே பேசுங்க" என்றார். பேசினோம். பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு உண்டு, அவர் வீட்டுப் பெரியவர்களின் பண்டிகைகளில் பிள்ளைகள் மரியாதையோடு கூடவே இருப்பார்கள் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். இந்தப் பேச்சு பிடிக்காமல் கல்யாணமே வேண்டாம் என்று போனவர்களும் உண்டு என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அதுவும் முன்னாலேயே தெரிவது நல்லதுதான் என்பது என் எண்ணம்.

திருமணத் தயாரிப்பு வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சில உரைகள் நன்றாக இருந்தன, சிலவற்றில் தூக்கம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்த தம்பதி ஏற்கெனவே அரசுப் பதிவு மட்டும் செய்துகொண்டு சில ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். தங்கள் திருமணத்தைத் திருச்சபையில் செல்லுபடியாக்க வந்திருந்தார்கள். அதற்கும் வழி இருக்கிறது, வெட்கப்பட்டு ஒதுங்கி இருக்க வேண்டியதில்லை.

ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்த முதல் ஞாயிறு இவரும் கோயிலுக்கு வந்தார். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவர் இவர் பெயரைச் சொன்னதும் முன்வரிசைப் பாட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். 'இத்திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தோர் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்' என்ற வரி இவரைக் கலங்கடித்தது. "யாராவது எழுந்து நின்னுட்டா?" என்றார். யாரும் எழவில்லை. திருப்பலி முடிந்ததும் பீடத்துக்குப் பூ அலங்காரம் செய்யும் அக்கா நேரே இவரிடம் வந்து, "தவக்காலத்துல வச்சுடாதீங்க தம்பி, பூவே வைக்க முடியாது" என்றார். அது உண்மைதான். ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான தவக்காலத்தில் திருமணம் வைத்தால் அலங்காரத்தை அடக்கி வாசிக்க வேண்டும். பெரிய வெள்ளியிலும் புனித சனியிலும் திருமணமே கிடையாது.

ஆயர் இல்லத்திலிருந்து விதிவிலக்குக் கடிதம் வரத் தாமதமானது. கேட்டபோதெல்லாம் 'அனுப்பிவிட்டோம்', 'பார்க்கிறோம்' என்றார்கள். வந்தபோது ஒரே ஒரு பக்கம்: எங்கள் பெயர்கள், ஒரு பதிவு எண், முத்திரை. இதற்கா இவ்வளவு என்று தோன்றியது. ஆனால் அது இல்லாமல் பங்குத்தந்தையால் திருமணத்தை நடத்தவே முடியாது. அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் இந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

எங்கள் திருமணம் திருப்பலி இல்லாமல்தான் நடந்தது. இறைவாக்கு வழிபாடு, சம்மதம் கேட்டல், மோதிரம், ஆசியுரை. கிறிஸ்தவர் அல்லாதவரோடு நடக்கும் திருமணத்துக்குச் சடங்கு நூலில் இருக்கும் முறை இதுதான். அம்மாவுக்கு இது பெரிய குறை. "நன்மை வாங்காம என்ன கல்யாணம்?" என்று கடைசி வாரம் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். நன்மை என்று அவர் சொன்னது திருப்பலியில் வாங்கும் நற்கருணை அப்பத்தை. திருப்பலி இல்லாதது எனக்குச் சரியாகவே பட்டது. இல்வாழ்க்கையின் முதல் மணி நேரத்திலேயே நான் மட்டும் எழுந்து நற்கருணை வாங்கப் போய், இவரும் இவர் குடும்பமும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. முந்தின மாலை ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) செய்துகொண்டேன், அன்று காலைத் திருப்பலிக்கு அம்மாவோடு போய் நற்கருணை வாங்கிவிட்டு வந்தேன்.

சாட்சிகள் இருவரும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி இல்லை. சம்மதத்தைக் கண்ணால் கண்டு காதால் கேட்டுச் சொல்லக்கூடிய இருவர் போதும். இவர் தரப்பில் கையெழுத்திட்டது இவருடைய அக்கா.

ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது, இப்போதும் கொஞ்சம் உறுத்துகிறது. எங்கள் திருமணம் செல்லுபடியானது, ஆனால் அருளடையாளம் (இறையருளைத் தரும் திருச்சடங்கு) அல்ல. இருவருமே திருமுழுக்குப் பெற்றிருந்தால்தான் திருமணம் அருளடையாளம் ஆகும். இவர் என்றாவது தானாக விரும்பித் திருமுழுக்குப் பெற்றால், திரும்பச் சடங்கு எதுவும் இல்லாமலே இதே திருமணம் அருளடையாளமாகிவிடும் என்று ஃபாதர் விளக்கினார். இவரிடம் நான் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

திருமணம் முடிந்ததும் நடத்திய பங்கு, நான் திருமுழுக்குப் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா என்று நீங்களே ஒருமுறை கேட்டுவிடுங்கள், சில இடங்களில் விட்டுப்போகிறது. அரசுப் பதிவு நாட்டுக்கு நாடு வேறு. அதைக் கோயில் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருக்காமல் தனியாக விசாரியுங்கள்.

இப்போது மகளின் திருமுழுக்குக்குத் தயாராகிறோம். பெற்றோரில் ஒருவருடைய சம்மதமாவது கட்டாயம் வேண்டும் என்கிறது சட்டம். இவர் கேட்காமலேயே படிவத்தில் என் பெயருக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டுவிட்டார். சிக்கல் வேறு இடத்தில் வந்திருக்கிறது. திருமுழுக்கில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாயாக நிற்க ஆசைப்படும் என் தங்கைக்கு இன்னும் உறுதிப்பூசுதல் ஆகவில்லை. ஆகாமல் ஞானத்தாயாக முடியாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவள் இப்போது மறைக்கல்விப் பாடம் படித்துக்கொண்டிருக்கிறாள், அதற்கும் என்னைத்தான் திட்டுகிறாள்.