கடைசிக் குழாயிலிருந்து தொடங்கும் கணக்கு

காவிரி டெல்டாவில் கிராமக் குடிநீர்த் திட்டங்களை வகுக்கும் பணியில் நான் இருந்த காலத்தில், வேறு மாவட்டங்களிலிருந்து மாற்றலாகி வரும் பொறியாளர்கள் பலரும் ஒரே ஐயத்தை எழுப்புவார்கள்: இத்தனை ஆறுகளும் வாய்க்கால்களும் பாயும் பகுதியில் குடிநீருக்கு என்ன பஞ்சம்? தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் போய் அடிபம்புத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தவர்கள் பிறகு அப்படிக் கேட்டதில்லை. கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவராகவே இருக்கிறது. மணல்மேடுகளின் அடியில் மழைநீர் ஒரு மெல்லிய அடுக்காக நிற்கும். அதிலும் மோட்டார் வைத்து வேகமாக இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலேறிவிடும். கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு ஆதாரமே இல்லையென்றால் 2000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த மேல்வரம்பையும் தாண்டிய ஊர்களுக்கு உள்ளூர்க் கிணற்றை நம்பித் திட்டம் போட இயலாது. கொள்ளிடத்து மணலில் ஊறும் நீரை எடுத்து வேதாரண்யம் வரை குழாயில் கொண்டுசெல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டதற்குக் காரணம் இதுவே.

அந்த நீண்ட பயணத்துக்கு நிலம் உதவுவதில்லை. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 57 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூடக் கிடைக்காத தரையில், குழாயின் உராய்வில் இழக்கும் அழுத்தத்தை இடையிடையே நீரேற்று நிலையம் அமைத்து மின்சாரத்தைக் கொண்டுதான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. இரண்டாயிரம் பேர் வாழும் ஊருக்கு 1,10,000 லிட்டர் என்று கணக்கிட ஒரு நிமிடம் போதும். அந்த நீர் ஊருக்குள் யாருக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பதை உறுதிசெய்வதில்தான் திட்டமிடுபவரின் உழைப்பு முழுவதும் இருக்கிறது, அல்லது இருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்குப் பெரும்பாலும் ஊரின் நடுவில், நல்ல சாலை உள்ள தெருவில் இடம் கிடைக்கும். காலனித் தெருவோ வாய்க்காலைத் தாண்டி, பகிர்மானக் குழாயின் கடைசி முனையில் இருக்கும். செலவைக் குறைக்க அந்தக் கடைசித் துண்டில் 90 மில்லிமீட்டருக்குப் பதிலாக 63 மில்லிமீட்டர்க் குழாயைப் போட்டால், அதே அளவு நீரை அனுப்பும்போது உராய்வு இழப்பு ஐந்து மடங்குக்கும் மேலாகிவிடும். வரைபடத்தில் இரண்டும் ஒரே நீலக் கோடுதான். ஆனால் ஒன்றில் குடம் நிறையும், மற்றொன்றில் காற்றுதான் வரும். ஆகவே எந்த ஊரானாலும் கடைசி வீட்டுக் குழாயில் கிடைக்க வேண்டிய அழுத்தத்தை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து தொட்டியை நோக்கிப் பின்னோக்கிக் கணக்கிடுவதை நான் வழக்கமாக வைத்திருந்தேன். கடைமடை ஊர் ஒன்றின் கிராம சபையில் ஒரு பாட்டி சொன்னார்: "தம்பி, மேட்டூரு தொறந்தாலும் ஆத்துத் தண்ணி எங்களுக்குத்தான் கடைசி. கொழாத் தண்ணியையாவது எங்களுக்கு மொதல்ல கணக்குப் பண்ணுங்க." பல தலைமுறைகளாகப் பாசனத்தின் வால்பகுதியில் வாழ்ந்தவர்கள், நீர் பகிர்மானத்தைப் பொறியியல் நூல்களைவிடத் தெளிவாக அறிந்திருக்கிறார்கள் என்பதை நான் மதிப்புடன் சொல்வேன்.

அழுத்தம் குறைந்த தெருக்களில் மக்கள் வீட்டு வாசலில் குழி தோண்டி, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி நீர் பிடிக்கிறார்கள். வசதி உள்ளவர்கள் இணைப்பிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறார்கள். விநியோகம் நின்றதும் குழியில் தேங்கிய அழுக்கு நீர் குழாய்க்குள் திரும்பப் புகுகிறது. கிருமிகளைக் கொல்லச் சேர்த்ததில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்ற விதியைத் தொட்டியடியில் சோதித்து நிறைவடைவது போதாது. அந்தக் குழியின் ஓரத்தில் நின்று சோதிக்க வேண்டும். குழி தோண்டியவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லும் குரல்களை ஆய்வுக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இருந்ததில்லை. குழியைத் தோண்ட வைத்தது குழாயின் அளவு.

விநியோக நேரத்தையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். நடவுக் காலத்தில் பெண்கள் விடியும் முன்பே வயலுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். காலை எட்டு மணிக்கு வால்வைத் திறக்கும் ஊரில் அவர்கள் வீட்டுக்கு நீர் வந்தும் பிடிக்க ஆளில்லை. முந்தைய இரவே தொட்டியை நிரப்பி வைக்கும் அளவுக்குக் கொள்ளளவு இருந்தால், ஆபரேட்டர் ஐந்து மணிக்குத் திறக்கலாம். இல்லாவிட்டால் மின்சாரம் வரும் நேரமே ஊரின் நேரமாகிவிடும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகில் கரையைக் கடந்து மின்கம்பங்களைச் சாய்த்தபோது, தொலைவிலிருந்து வரும் ஒரே குழாயை நம்பியிருந்த ஊர்களின் நிலை எல்லோருக்கும் தெரிந்தது. ஜெனரேட்டரை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தொட்டிகளை நிரப்ப வேண்டியிருந்தது. கூட்டுக் குடிநீர் வந்துவிட்டது என்பதற்காக ஊர்க் குளத்தையும் அடிபம்பையும் கைவிடக் கூடாது என்று நான் அன்றுமுதல் வலியுறுத்தி வருகிறேன். உப்புக் கரித்தாலும் அந்த நீர் துவைக்கவும் புழங்கவும் உதவும். குழாய் நீர் முழுவதும் குடிக்கவும் சமைக்கவும் மிஞ்சும். குளத்தைத் தூர்வாரும் செலவு, அடிபம்புப் பராமரிப்பு, ஜெனரேட்டரை உடனே பொருத்துவதற்கான மின் இணைப்பு ஆகிய மூன்றும் பிற்சேர்க்கையாக இல்லாமல் முதல் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும். தொகையைக் குறைக்கச் சொல்லி கோப்பு திரும்பி வரும்போது முதலில் அடிக்கப்படுபவை இவையாக இருக்கக் கூடாது.