கண் பிரஷர் ஆபரேஷன்: வீட்டுக்கு வந்த பிறகு உள்ள ஆறு வாரம்

கண் பிரஷரைக் குறைக்கும் ட்ராபெகுலெக்டமி ஆபரேஷன் முடிந்து மதுரையிலிருந்து காரைக்குடி பஸ் ஏறும்போது பாதி வேலைதான் முடிந்திருக்கும். பிரஷர் கட்டுக்குள் நிற்குமா என்பது பெரும்பாலும் அடுத்த ஆறு வாரத்தில் தெரியும்.

வெள்ளைவிழியில் ஏறத்தாழ 4 மி.மீ. அகலத்துக்குப் பாதித் தடிமனில் மடல் பிரித்து, அடியில் துளையிட்டு, தலைமுடியைவிட மெல்லிய 10-0 நைலானால் தைக்கிறார்கள். கண்ணின் உள்நீர் அதன் வழியே கசிந்து, மேல் இமைக்கு அடியில் குமிழாகத் தேங்கி வடியும். உடம்புக்கு இது வெறும் காயம், மூடத்தான் பார்க்கும். அந்தத் தழும்பைத் தடுக்கத்தான் ஆபரேஷனில் மைட்டோமைசின், பிறகு ஸ்டீராய்டு சொட்டு. கண் வெளுத்துவிட்டதே என்று மூன்றாம் வாரத்தில் சொட்டை நிறுத்திக் குமிழைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டர் சொல்லும் கணக்கில்தான் குறைக்க வேண்டும்.

முதல் வாரம் பிரஷர் 20-ஐத் தாண்டினால் உடனே தோல்வி என்று பதற வேண்டாம். தையலை வேண்டுமென்றே சற்று இறுக்கமாகப் போடுவார்கள். தளர்ந்து பிரஷர் 5-க்குக் கீழே போனால் விழிக்குள் நீர் கோத்துப் பார்வை மங்கும். பின்னால் ஒவ்வோர் இழையாக உருவியோ லேசரில் வெட்டியோ பிரஷரை இறக்குவார்கள். நாள் கடந்தால் மடல் ஒட்டிவிடும், இழையை எடுத்தும் பலன் குறைவு. கொப்புடையம்மன் திருவிழா வந்தாலும் இழை எடுக்கச் சொன்ன தேதியைத் தள்ளாதீர்கள்.

பெரிய குழப்பம் பழைய மருந்தில் வரும். ஆபரேஷன் ஆன கண்ணுக்குப் பழைய பிரஷர் சொட்டை வழக்கமாக நிறுத்தச் சொல்வார்கள். மற்ற கண்ணுக்கு அது தொடர வேண்டும். வயதான ஆத்தாமார் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். வலது, இடது என்று எழுதிய இரண்டு எவர்சில்வர் டப்பா வைத்தபின்தான் எங்கள் வீட்டில் தவறு நின்றது. கண் பிரஷரைக் குறைக்க டயமாக்ஸ் மாத்திரை சாப்பிட்டவர்கள், அதை நிறுத்தினால் மற்ற கண்ணுக்கு என்ன மருந்து என்று டிஸ்சார்ஜ் அன்றே கேளுங்கள். இரண்டு சொட்டுக்கு நடுவே 5 நிமிடம் விடுங்கள்.

வளவில் குனிந்து கோலம் போடுவது, அண்டா தூக்குவது, மலச்சிக்கலில் முக்குவது எல்லாம் கொஞ்ச நாள் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது டாக்டர் சொன்ன பிறகுதான்.

கண் சிவந்து, வலித்து, பீளை தள்ளினால், ஐந்து வருஷம் ஆன குமிழாக இருந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். குமிழ் வழியே கிருமி உள்ளே போக ஓர் இரவு போதும்.