ஐம்பது நிமிடம்

மார்ச் 3, திங்கள்
என்ன சொல்வதென்று ஒரு தாளில் ஏழு வரி எழுதி, ஆறை அடித்துவிட்டேன். மிச்சம்: ‘தூக்கம் வருவதில்லை.’ இதற்குப் போய் வந்தீங்களா என்று கவுன்சலரே கேட்டுவிட்டால்? “நீ பாட்டுக்குப் போய் உட்காரு, மிச்சத்தை அவங்க பார்த்துப்பாங்க” என்கிறாள் அக்கா. பல் பிடுங்கப் போகிறவளுக்குச் சொல்கிற மாதிரி.

மார்ச் 4
படுக்கச் சொல்லவில்லை. சோபாவே இல்லை. இரண்டு நாற்காலிகள், நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் கோணலாக. அவர் முகத்தைப் பார்க்க முடியாதபோது ஜன்னலைப் பார்த்துக்கொள்ளலாம். கடிகாரம் என் தலைக்குப் பின்னால்.

முதல் கால் மணி நேரம் ரகசியத்தைப் பற்றியே போனது. பேசுவது வெளியே போகாது. என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், குழந்தைக்குத் தீங்கு என்றால், நீதிமன்றம் கேட்டால் மட்டும் அவரால் மறைக்க முடியாது. மாத்திரை எழுதமாட்டார், அது மனநல மருத்துவர் வேலை. கையெழுத்துப் போட்டேன்.

பிறகு ஒரு படிவம். 9 கேள்விகள். கடந்த 2 வாரத்தில் இது எத்தனை நாள் இருந்தது என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். தூக்கம், பசி, சோர்வு எல்லாம் மளமளவென்று ஓடியது. ஒன்பதாவதில் பேனா நின்றது. செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா? 0 போட்டேன். அடித்து 1 ஆக்கினேன். அவர் அதைப் பார்த்தார். “அப்படி ஏதாவது செய்யணும்னு யோசனை, திட்டம் இருக்கா?” என்று குரல் மாறாமல் கேட்டார். இல்லை என்றேன். உண்மைதான். இவ்வளவு நாளில் யாரும் இதை என்னிடம் நேராகக் கேட்டதில்லை. ராத்திரியில் அப்படித் தோன்றினால் யாரைக் கூப்பிடுவது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். முதல் பெயர் அக்கா.

மார்ச் 5
நாள் முழுக்கக் களைப்பு. வெறும் பேச்சுத்தானே பேசினேன்.

மார்ச் 6
ரிங்டோனை மாற்றினேன்.

மார்ச் 9
“சொல்லும்போது சிரிக்கிறீங்க.” அதை ஏன் சொன்னார்? எல்லோரும்தான் சிரிக்கிறார்கள்.

மார்ச் 11
சிரிக்கக் கூடாது என்று முடிவெடுத்துப் போனேன். அதனால் பேச்சே வரவில்லை. அவரும் பேசவில்லை. ஏதாவது கேட்டுத் தொலையுங்களேன்! கடைசியில் நானே, “நான் என்னதான் செய்யணும், சொல்லுங்க மேடம்” என்றேன். “நான் சொன்னா அது என் முடிவாயிடும்” என்றார். ஐம்பது நிமிடத்துக்கு இதுதானா பதில்? இதை அக்காவே சொல்வாள். இல்லை, அக்கா பத்து யோசனை சொல்வாள். அதுவும் வேண்டாம்.

மார்ச் 12
முன்பைவிட மோசம். 3 மணிக்கு விழிப்பு. ஆரம்ப வாரங்களில் இப்படி ஆகலாம் என்று முன்கூட்டியே சொன்னார்தான். சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா? அடுத்த வாரம் போகப் போவதில்லை.

மார்ச் 14
போன் சைலன்ட்டில். அக்கா மூன்று முறை அழைத்திருக்கிறாள்.

மார்ச் 18
போனேன். உங்கள் மேல் கோபம் என்றேன். முகம் சுண்டவில்லை. நாற்காலியில் கொஞ்சம் முன்னால் வந்து, “எந்த இடத்துல கோபம் வந்தது?” என்றார். அந்த மௌனத்தில் என்றேன். யாராவது பேசாமல் இருந்தால் என்னவோ நடந்துவிட்டது என்று தோன்றும் என்றேன். எழுதிக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறாவது செஷனில் இது உதவுகிறதா என்று சேர்ந்து பார்ப்போம், ஒத்துவராவிட்டால் வேறொருவரிடம் போகலாம், தனக்கு வருத்தமிருக்காது என்றார். அவருக்கு வருத்தமாகுமோ என்றுதான் இத்தனை நாள் பயந்திருக்கிறேன் போல. என்ன பிறவி நான்.

வீட்டுப்பாடம்: 3 மணிக்கு விழித்தால் மனதில் ஓடும் முதல் வாக்கியத்தை எழுதுவது.

மார்ச் 20
‘எடுத்திருக்கலாம்.’

மார்ச் 21
‘எடுத்திருக்கலாம்.’

மார்ச் 22
தூங்கிவிட்டேன்!

மார்ச் 25
நாற்பத்தொன்பது நிமிடம் ஆபீஸ் கதை. எழுந்து, கதவின் கைப்பிடியைத் தொட்ட பிறகு சொன்னேன்: அன்றைக்கு போன் அடித்தது எனக்குக் கேட்டது. தூங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவரும் எழுந்து நின்றார். “இதை ஒரு நிமிஷத்துல பேச முடியாது. அடுத்த வாரம் இதிலிருந்தே ஆரம்பிக்கலாமா? இப்போ வீட்டுக்குப் போக முடியுமா?” வாசலில் வைத்து முக்கியமானதைச் சொல்பவர்கள் நிறையப் பேராம்.

மார்ச் 28
அதைச் சொன்னபோது சிரித்தேனா? நினைவில்லை.

மார்ச் 31
இருமல். வரமுடியாவிட்டால் 24 மணி நேரத்துக்கு முன்னால் தெரிவிக்க வேண்டும். இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. இருமல்கூட இல்லை, தொண்டைக் கரகரப்பு.