மச்சானும் மூணாவது கியரும்

"மாப்ள, கியர்பாக்ஸ் போச்சு!"

மச்சானோட ஆட்டோமேட்டிக் கார் பத்தின புலம்பல் இது. மச்சான் வாயில் எதுவும் ரிப்பேர் ஆகாது, நேரா போயிடும். பின்னாடி அக்கா குரல்: "அப்பவே மேனுவல் வாங்கச் சொன்னேன்." அதுக்கும் பின்னாடி மாமா: "ஆயிலை மாத்து." மாமாவுக்கு முட்டிவலிக்கும் ஆயில்தான்.

முதல்ல டிப்ஸ்டிக்கை (கியர்பாக்ஸ் ஆயில் அளவு பார்க்கிற கம்பி) உருவிப் பாருங்கய்யா. பெரும்பாலான வண்டிக்கு ஆயில் சூடாகி, சமதளத்தில், எஞ்சின் ஓடும்போதே பார்க்கணும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு கியர் லீவரை எல்லா நிலைக்கும் கொண்டுபோய் 'பி'க்கு (பார்க்கிங்) திரும்பணும். சில வண்டிக்கு எஞ்சினை அணைச்சுட்டுப் பார்க்கணும், சிலதுக்கு டிப்ஸ்டிக்கே கிடையாது. கருத்துப்போய் தீஞ்ச வாடை அடிச்சா கியர்பாக்ஸுக்குள்ள இருக்கிற கிளட்ச் எரியுது. பால் கலந்த ரோஸ் நிறம்னா தண்ணி கலந்திருக்கு. பெரும்பாலும் ரேடியேட்டருக்குள்ள இருக்கிற ஆயில் கூலர் ஓட்டை. மச்சானுடையது நல்ல சிவப்பு, அளவும் சரி.

கியர் மாறும்போது ஆர்பிஎம் (எஞ்சின் சுத்துற வேகம்) மட்டும் எகிறி வண்டி நகரலைன்னா ஸ்லிப், அதாவது கிளட்ச் வழுக்குது. இங்க அது இல்ல. கிளம்பும்போது சோம்பல், வேகம் கூடினா எஞ்சின் அலறல், கியர் மட்டும் மாறவே மாறாது. ரிவர்ஸ் ஒழுங்கா விழுது. சாவியை அணைச்சுப் போட்டா கொஞ்ச நேரம் நல்ல பிள்ளை. இது லிம்ப் மோட்: கியர்பாக்ஸை ஆட்டுவிக்கிற கம்ப்யூட்டரான கன்ட்ரோல் யூனிட் பயந்துபோய், பல வண்டியில் மூணாவது கியரிலேயே பூட்டிடும். தேஞ்ச கிளட்ச் சாவியைத் திருப்பினா குணமாகாது. அதனால கைவைக்க வேண்டியது மின்சாரப் பக்கம்.

கோளாறு படிக்கிற ஸ்கேனரை மச்சானே மாட்டியிருக்கார். வந்த கோடு (கோளாறு எண்): பி0700. உடனே பழைய கியர்பாக்ஸுக்கு விலை விசாரணை! பி0700ன்னா 'டிரான்ஸ்மிஷன் யூனிட்ல ஒரு கோளாறு பதிவாகியிருக்கு, அங்க போய்ப் பார்'னு மட்டும்தான் அர்த்தம். நிஜக் கோடு அந்த யூனிட்டுக்குள்ள இருக்கும். அதைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டினா, சென்சாரும் இல்ல, சாலினாய்டும் (ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடுற மின் வால்வு) இல்ல. வோல்டேஜ் குறைவு.

பேட்டரி நெகட்டிவ் டெர்மினல் கையாலேயே சுத்துது. கழட்டி, வெள்ளைப் பூஞ்சணத்தைத் தேய்ச்சு, இறுக்கி, கோளாறுக் கோடையும் அழிச்சாச்சு. ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டுக்கு மேல். கியர் வரிசையா விழுது.

வேலை முடிஞ்சதுன்னு நினைச்சா, சில வண்டியில் பேட்டரியைக் கழட்டினா கியர் மாத்தப் பழகின கணக்கெல்லாம் அழிஞ்சிடும். திரும்பப் பழகுற வரைக்கும் லேசா இடிக்கும். இதைச் சொல்லித்தான் அனுப்பினது. இப்போ ஒவ்வொரு இடிக்கும் ஒரு ஃபோன்.