ப்யத்தடா நாளில் பரணைத் தொடாதே

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் இரண்டு காலண்டர் தொங்குகிறது. ஒன்று இந்தியா போய் வந்தவர் யாரோ கொடுத்த தமிழ்க் காலண்டர். அதில் ராகு காலம், எமகண்டம், குளிகை, அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாம் இருக்கும். இன்னொன்று பர்மாக் காலண்டர். அதில் ஆகாத நாளுக்கு ப்யத்தடா என்றும் நல்ல நாளுக்கு யெட்யாசா என்றும் போட்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ரங்கூனில் வீட்டை ஒழிக்க ஆரம்பிப்பதற்குத் தோதான நாள் என்று ஒன்று கிடையவே கிடையாது.

நம் ராகுவுக்காவது ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்தோடு போதும். இங்கே புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல் மொத்தத்தையும் ராகுவுக்கே எழுதிக் கொடுத்து, வாரத்துக்கு எட்டு நாள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஷ்வேடகோன் பகோடாவில் ராகுவுக்குத் தனி மூலையே உண்டு, தந்தமில்லாத யானையோடு. ஆகப் புதன் போச்சு. செவ்வாய் ஆகாது. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்கக் கூடாது என்பது என் மாமியார் சட்டம். சனிக்கிழமை என் வீட்டுக்காரர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தூங்குவார். அவர் தூங்குகிற கட்டிலுக்கு நேர் மேலேதான் பரண்.

அந்தப் பரணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீடு பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம். ரங்கூன் டவுனில் இருப்பவர்களுக்கு இந்த அளவைச் சொன்னாலே வீடு கண்ணில் வந்துவிடும். முன்னால் பால்கனி, பின்னால் சமையல்கட்டு, நடுவில் வெளிச்சம் எட்டாத ஓர் இருட்டு. ரயில் பெட்டியில் குடித்தனம் நடத்துகிற மாதிரிதான். நாங்கள் இருப்பது நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. எந்தச் சாமானும் ஏறும்போது மூச்சு வாங்க வைத்துத்தான் ஏறும். ஏறியது திரும்ப இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

பரணில் இருந்ததில் முக்கால்வாசி கரண்டு இல்லாதபோது பயன்படும் சாமான்கள். அடுக்கடுக்காக இருக்கும். அடியில் அரிக்கேன் விளக்கு, சிம்னி இல்லாமல். அதற்கு மேல் பால் டப்பா நிறைய மெழுகுவர்த்தித் துண்டுகள். அப்புறம் வோல்டேஜ் ஏற்றுகிற பெட்டி. ஒரு காலத்தில் அது இல்லாமல் எங்கள் வீட்டில் டியூப் லைட் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அப்புறம் கார் பேட்டரி, அதற்கு ஒரு சார்ஜர். செத்துப்போன இன்வெர்ட்டர் ஒன்று. சார்ஜ் ஏறாத எமர்ஜென்சி லைட்டுகள், இறக்கை உடைந்த சார்ஜ் ஃபேன்கள். தூக்கிப் போடலாமா என்று கேட்டால் மாமியாரிடம் ஒரே பதில்தான்.

"கரண்டு வர்ற லட்சணத்துக்கு எது எப்போ வேணும்னு யாருக்கும்மா தெரியும்?"

இதற்கு நான் என்ன சொல்ல? நான் வாய் திறக்கும்போது கரண்டு இருந்தால்தானே எதிர்வாதம் செய்ய முடியும்.

மின்சார முறை எப்படியென்றால், சில மணி நேரம் இருக்கும், சில மணி நேரம் இருக்காது. அதுவும் சொன்னபடி நடந்தால். வந்தவுடன் தெருவில் பிள்ளைகள் "மீ லாபி!" என்று கத்துவார்கள். கரண்டு வந்துடுச்சு என்று தமிழ்ப் பிள்ளைகளும் பர்மியத்தில்தான் கத்தும். அந்த நிமிஷம் கட்டடத்தில் இருக்கிற அத்தனை மோட்டாரும் ஒன்றாக உறுமும். கீழ்த் தொட்டியில் தண்ணீர் தீருவதற்குள் நம் தொட்டி நிறைய வேண்டும். அரிசிப் பானையின் பொத்தானை அமுக்கி, துணி மெஷினைத் தட்டிவிட்டு, மாவு அரைத்து, யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டு, போன்களை எல்லாம் சார்ஜில் மாட்டி, மூச்சு விடுவதற்குள் போய்விடும்.

இதில் இன்னொரு சிக்கல். கரண்டு இருக்கும்போது மாமியார் டிஷ் ஆன்டெனா புண்ணியத்தில் தமிழ் சீரியல் பார்ப்பார். அப்போது பரணை மொத்தமாகக் கீழே தள்ளினாலும் திரும்ப மாட்டார். ஆனால் அப்போது எனக்கு நேரம் இல்லை. கரண்டு போனால் எனக்கு நேரம் கிடைக்கும். ஆனால் டிவி போய்விட்டதால் மாமியார் பரணுக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார். இப்படியே பரண் பல வருஷம் பத்திரமாக இருந்தது.

கடைசியில் எனக்கு ஊக்கம் மோல்மேனிலிருந்து வந்தது. தண்ணித் திருவிழாவுக்கும் சித்திரைப் பிறப்புக்கும் சேர்த்து மாமியாரின் தங்கை, எங்களுக்குச் சின்னத்தை, வந்து தங்கப் போவதாகப் போன் செய்தார். பர்மாவில் திஞ்சான் என்கிற இந்தத் தண்ணித் திருவிழாச் சமயத்தில் இந்திரன் இறங்கி வந்து, நல்லவர்கள் பேரைப் பொன் ஏட்டிலும் கெட்டவர்கள் பேரை நாய்த்தோல் ஏட்டிலும் எழுதிப் போவான் என்று சொல்வார்கள். சின்னத்தைக்கு ஏடெல்லாம் வேண்டாம். பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு போய் மோல்மேன் முழுக்கச் சொல்லிவிடுவார்.

போனை வைத்த மாமியார் பரணை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஏம்மா, இது என்ன இப்படிக் கிடக்கு? ஒரு மருமக இருக்கிற வீடா இது?"

சரி, உத்தரவு கிடைத்துவிட்டது.

அன்றைக்கு ப்யத்தடா. தமிழ்க் காலண்டரில் நவமி வேறு. தங்கை வருகிறாள் என்றதும் இரண்டு காலண்டருமே செல்லாமல் போயின. நான் ஏணி மேல் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, மாமியார் கீழே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வேண்டும், வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பு பெரும்பாலும் வேண்டும்தான்.

மாமனாரின் பழைய செல்போன் வந்தது. அவர் வாங்கிய காலத்தில் பர்மாவில் ஒரு சிம் கார்டின் விலை லட்சக்கணக்கான கியாட். அதை வைத்திருந்தவர் தெருவில் நடக்கும்போதே தனியாகத் தெரிவார். 2013இல் அரசாங்கமே குலுக்கல் போட்டு 1500 கியாட்டுக்கு சிம் கொடுத்தது. மறு வருஷம் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து அதே விலைக்குத் தெருத் தெருவாக விற்றன. "அந்தக் காசுக்கு எனக்கு நகை எடுத்திருக்கலாம்" என்று மாமியார் வழக்கம்போலச் சொல்லிவிட்டு, போனை முந்தானையில் துடைத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

அடுத்து ஒரு பிஸ்கட் டப்பா. மூடியைத் திறந்தால் நோட்டுக் கட்டு. எனக்கு நெஞ்சு ஒரு தரம் நின்று துடித்தது. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனால் எல்லாம் 75 கியாட், 35 கியாட், 25 கியாட். 1987 செப்டம்பர் 5ஆம் தேதி இந்த மூன்றும் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். மாற்றிக் கொடுக்கவும் இல்லை. மாமனார் கடையில் சேர்த்து வைத்திருந்த காசு அது. அதற்கப்புறம் வந்தது 45, 90 என்று நோட்டு, ஒன்பதால் வகுபட வேண்டுமாம். மளிகைக் கடையில் உட்கார்ந்து சில்லறை கொடுத்தவர் பாட்டை நினைத்துப் பாருங்கள். 20 கியாட் சாமானுக்கு ஒருவர் 90 கியாட் நோட்டை நீட்டினால் மீதி 70. ஒரு 45, ஒரு 15, ஒரு 10. மாமனார் கணக்கில் புலியானது அப்போதுதான் என்று மாமியார் இன்றும் பெருமையாகச் சொல்வார்.

"போஜோ மார்க்கெட் பக்கம் இந்த மாதிரிப் பழைய நோட்டெல்லாம் டூரிஸ்டுகளுக்கு விக்கிறாங்கம்மா" என்று என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே சொல்லித் தொலைத்தார்.

"பார்த்தியா? ஒரு நாள் செல்லும்னு நான் சொன்னேன்ல!" என்றார் மாமியார். டப்பா கைமாறி அவர் தலையணைக்கு அடியில் போய்விட்டது.

எப்படியோ வேண்டாம் என்ற பக்கமும் ஓரளவு சேர்ந்தது. இனி அதை நாலு மாடி கீழே இறக்க வேண்டும். தெருவில் பழைய பேப்பர், பாட்டில் வாங்குகிறவர் தள்ளுவண்டியோடு நின்றார். மேலே வாருங்கள் என்று கூப்பிட்டேன். அண்ணாந்து மாடிகளை எண்ணினார். கையை ஆட்டி, கயிற்றில் இறக்கு என்றார்.

இந்தக் கயிறு இல்லாமல் ரங்கூன் டவுனில் குடும்பம் நடக்காது. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெரு வரைக்கும் தொங்கும், நுனியில் கிளிப்பு, மேலே ஒரு மணி. பேப்பர்காரர் கிளிப்பில் பேப்பரை மாட்டி இழுத்தால் மேலே மணி அடிக்கும். பால், மருந்து, மறந்துபோன சாவி எல்லாம் அதில்தான் பயணம். இதுவரைக்கும் எங்கள் கயிறு ஏற்றித்தான் பழக்கம். முதல் தரமாகப் பை நிறைய இறக்கினேன். மூன்றாவது மாடி தாண்டியது. இரண்டாவது மாடியில் நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்தேன். இரண்டாவது மாடி அன்ட்டி பையை எட்டிப் பிடித்து, தன் பால்கனிக் கம்பியில் சாய்த்துவைத்து, உள்ளே கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். முகத்தில் தனக்கா மரப்பட்டைப் பூச்சு, நல்ல சிரிப்பு. ஒரு சார்ஜ் ஃபேனை எடுத்துத் தூக்கிக் காட்டி, "யூ மெ நோ!" என்றார். எடுத்துக்கிறேன், சரியா என்று அர்த்தம். எடுத்துக்கொண்ட பிறகு கேட்கிற கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? அதற்கப்புறம் இறங்கிய ஒவ்வொரு பைக்கும் அங்கே ஒரு சுங்கச்சாவடி ஆனது. எமர்ஜென்சி லைட், டிபன் கேரியரின் நடுத் தட்டு, பிளாஸ்டிக் டப்பாக்கள் என்று வீடு பார்த்து இறங்கின. மிஞ்சியதைத்தான் தெருவில் நின்றவர் தராசில் போட்டார்.

வோல்டேஜ் பெட்டி கயிற்றுக்குத் தாங்காது. மேலேயிருந்து அதைக் காட்டினேன். உள்ளே செம்புக் கம்பி இருக்கிறது என்று தெரிந்ததும், மாடி எண்ணிய அதே மனிதர் நாலு மாடியையும் ஒரே மூச்சில் ஏறி வந்தார். வீசைக் கணக்கில் நிறுத்துக் காசு கொடுத்தார். என் மாமியாருக்கு இதில்தான் சந்தேகம் வந்தது. இவ்வளவு ஆசையாக ஒருத்தன் தூக்கிக்கொண்டு போகிறான் என்றால் அது குப்பையாக இருக்க முடியாதே! அன்று சாயங்காலமே, நான் மோட்டார் போடப் போயிருந்த நேரம் பார்த்து, கயிற்றை இரண்டாவது மாடி வரைக்கும் இறக்கி அன்ட்டியிடம் பேசி, செத்துப்போன இன்வெர்ட்டரைத் திரும்ப ஏற்றிக்கொண்டுவிட்டார். அது எப்போது அந்த வீட்டுக்குப் போனது என்றே எனக்குத் தெரியாது. இந்தக் கயிறு அதைத் தாங்கியது என்பது இன்னும் ஆச்சரியம்.

ஆனாலும் பரண் காலியானது. இன்வெர்ட்டர் ஒன்றுதான் மூலையில். தரை தெரிந்தது. நடு அறையில் நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்காத ஒரு ஜன்னல் கிடைத்தது.

திஞ்சானுக்கு முந்தின நாள் இரவு சின்னத்தை வந்து சேர்ந்தார். கரண்டு இல்லை. நாலு மாடி ஏறி, வாசலில் நின்று மூச்சு வாங்கி, கும்மிருட்டில் உள்ளே நுழைந்தார். இவ்வளவு பாடுபட்டதைப் பார்க்கக் கொஞ்சம் வெளிச்சம் இல்லையே என்று எனக்கு அழுகையே வந்தது. சின்னத்தை இரண்டு அடி வைத்தார். எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. அதிலேயே அவருக்கு எதுவோ சரியில்லை என்று பட்டுவிட்டது.

"அக்கா... பேசினா எதிரொலிக்குதே. சாமான் எல்லாம் எங்கே?"

"கழிச்சுட்டோம்டி."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் இருட்டில் மெல்லிய குரல். "எப்போ கிளம்புறீங்க? என்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லல பாரு."

எனக்கு முதலில் புரியவில்லை. மாமியாருக்கு உடனே புரிந்துவிட்டது. 1963, 64இல் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது இவர்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள். அடுத்தடுத்த வருஷங்களில் லட்சக்கணக்கில் நம்மவர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பெரியப்பா வீடு, எதிர் வீடு, பக்கத்து வீடு என்று ஒவ்வொன்றாகக் காலியாவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். முதலில் பரண்தான் காலியாகுமாம். அப்புறம் பாத்திரம், அப்புறம் கட்டில். சொல்லிக்கொள்ளாமலே ஒரு நாள் ஆளும் இருக்காது. என் மாமியார் ஏன் ஒரு டப்பா மூடியைக்கூட விட மாட்டேன் என்கிறார் என்பது எனக்கு அந்த இருட்டில்தான் விளங்கியது.

"எங்கேயும் போகலடி. நீ வர்றேன்னுதான் சுத்தம் பண்ணினோம்" என்று மாமியார் சொல்லிப் பார்த்தார். சின்னத்தை நம்பவில்லை. நம்பாததோடு, காலையில் கரண்டு வந்து போன் சார்ஜ் ஏறியவுடன் ஊரெல்லாம் சொல்லியும் விட்டார். திஞ்சான் முழுக்க வெளியே தண்ணீர் வாரி இறைத்துக்கொண்டிருக்க, உள்ளே எனக்குப் போன் மேல் போன். மெட்ராஸா மதுரையா? டிக்கெட் போட்டாச்சா? கிரைண்டரை என்ன பண்ணப் போறீங்க?

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டது தாட்டோனில் இருக்கிற, வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பி. கேட்டதோடு விடவில்லை. தண்ணித் திருவிழா முடிந்து பஸ் ஓட ஆரம்பித்ததும், கூட ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்துவிட்டார்.

"அண்ணி, வேற யாருக்கும் சொல்லிடலையே? கிரைண்டர் எனக்குத்தான்."

"நாங்க எங்கேயும் போகல தம்பி."

"சரி சரி, வெளியே சொல்ல மாட்டேன். அங்கே போனா புதுசே வாங்கிக்குவீங்க."

நான் கிரைண்டர் முன்னால் போய் நின்றுகொண்டேன். மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தார். "கிரைண்டர் கிடையாது. வேணும்னா மேல ஒரு இன்வெர்ட்டர் இருக்கு, நல்ல கனம். தூக்கிட்டுப் போ."

"நிஜமாவா பெரியம்மா?" என்று தம்பிக்கு வாயெல்லாம் பல். கூட வந்த ஆள் ஏணியைப் பிடிக்க, அவரே ஏறி எடுத்து, இரண்டு பேருமாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நாலு மாடியும் இறங்கிப் போனார்கள். மாமியார் பால்கனியில் நின்று, "பார்த்து, பார்த்து, படியில இடிச்சுடாத" என்று கத்திக்கொண்டிருந்தார்.