வாசல் விளக்கடியில் லூனா

நேற்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல், இங்கே வட கரோலினாவில் எங்கள் வாசல் விளக்கடியில் ஒரு லூனா அந்துப்பூச்சி வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலம், வெளிர்பச்சை இறக்கை, கீழே முறுக்கிவிட்ட ரிப்பன் மாதிரி இரண்டு நீள வால்கள். உணர்கொம்புகள் அகலமாக, பறவை இறகு போல இருந்ததால் ஆண் என்று தெரிந்தது, பெண்ணின் வாசனையைத் தேடி வந்திருக்கும்.

இதற்குச் சாப்பிட வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது வால்நட், ஹிக்கரி மரங்களின் இலைகளைத் தின்று சேர்த்ததை வைத்து ஒரு வாரம்தான் வாழும், அதற்குள் இணை சேர வேண்டும். அந்த வால் அழகுக்காக மட்டும் இல்லை, பறக்கும்போது சுழன்று, எதிரொலியைக் கேட்டு இரை தேடும் வௌவாலைக் குழப்பும், வௌவால் உடம்பை விட்டுவிட்டு வாலைக் கவ்வும். 2015இல் வெளியான ஆய்வில், வால் நறுக்கிய பூச்சிகள்தான் அதிகம் பிடிபட்டன.

அப்புறம், இதன் கூட்டுப்புழு இருக்கும் கூடு குளிர்காலம் முழுக்க உதிர்ந்த சருகுக்குள்தான் கிடக்கும். தயவுசெய்து எல்லாச் சருகையும் வாரி மூட்டை கட்டாதீர்கள், மரத்தடியில் கொஞ்சம் விடுங்கள்.

விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன், போய்விட்டிருந்தது.